நனைந்த அட்டைப்பெட்டி

என் தங்கையின் கணவரை என் டிரைவர் என்று ஒருமுறை சொன்னேன். அப்போது எனக்கு அறுபத்து நான்கு வயது. அறியாத வயது என்று சாக்குச் சொல்ல வழியில்லை.

இங்கே அடிலெய்டில், காலைக் காபியின் முதல் வாயை இன்னும் கழுவுதொட்டியில் துப்பிவிடுகிறேன். அண்டை வீட்டு வெள்ளைக்காரி அதைப் பார்த்துவிட்டு, பல் வலியா என்று கேட்டுத் தன் பல் டாக்டரின் எண்ணை எழுதிக்கொடுத்தாள். முப்பது ஆண்டுகள் ஒரு ஒயின் கம்பெனியில் துப்பியே சம்பளம் வாங்கியவன் நான் என்று அவளிடம் விளக்கவில்லை. எந்த நாட்டு ஒயின் வந்தாலும் வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவேன். ‘பழைய தோல், பென்சில் சீவல், மழைக்குப் பிந்திய கல்’ என்று குறிப்பும் எழுதுவேன். மலேசியாவில் செமிலிங் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகன், கல்லின் சுவையை வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவனும் தலையாட்டினான். நாங்கள் இரண்டு பேருமே கல்லை நக்கிப் பார்த்தவர்கள் இல்லை.

அந்தக் கம்பெனி என்னை என் சொந்தக் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணிக்கு அனுப்பியது. ஒரு ஹோட்டலில் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு உலக ஒயின்களைச் சுவைத்துக் காட்டும் விழா. டாக்டர்கள், வக்கீல்கள், நிலம் விற்றுப் பணம் பார்த்தவர்கள். கோப்பையைக் காம்பில் பிடிக்கக் கற்றுக்கொண்ட அன்றே அவர்கள் மூக்கு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. என்னைத் தன் சொந்தக் காரில் கொண்டுவந்தவர் மணியம், என் தங்கை சரசுவின் கணவர். கம்பெனி ஒன்றில் லாரி ஓட்டுகிறவர். நான்தான் அவரை உள்ளே அழைத்தேன்.

எல்லோருக்கும் முன்னால் துப்புவதற்கு வாளி இருந்தது. மணியம் துப்பவில்லை. தோட்டத்தில் ஒருவர் ஊற்றிக் கொடுத்ததைத் துப்பினால் அவர் முகத்தில் துப்பியது மாதிரி என்பது கெடாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “காடி ஓட்டணும், ஒண்ணு போதும்” என்று கார்ச் சாவியைக் காட்டி ஒரே கோப்பை வாங்கினார். அது இருந்ததிலேயே விலை உயர்ந்த பிரான்ஸ் சிவப்பு. அதைத்தான் டாக்டர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, காட்டு மண் வாசனை என்று புகழ்ந்துகொண்டிருந்தார். மணியம் குடித்துவிட்டு மறுபடி முகர்ந்து பார்த்தார்.

“மச்சான், இது மழையில நனைஞ்ச அட்டப்பொட்டி நாத்தம் லா. லாரியில தார்ப்பாய் ஒழுகுனா இப்பிடித்தான் வரும். கெட்டுப்போச்சு போல.”

நான் முகர்ந்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. கார்க் கெட்டால் ஒயினில் ஏறும் வாடை அதுதான். எங்கள் பாடமும் நனைந்த அட்டை என்றுதான் சொல்கிறது. ஊற்றும் முன் நான் சோதித்திருக்க வேண்டும், சோதிக்கவில்லை. டாக்டர் ஆங்கிலத்தில், “யார் இவர்?” என்றார்.

“என் டிரைவர். மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன், அதே ஆங்கிலத்தில்.

சிரித்தார்கள். “அட்டப்பொட்டி ஸ்பெஷலிஸ்ட்டா?” என்று ஒருவர் தமிழிலேயே கேட்டார். கெட்டுப்போன ஒயினுக்கு எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது என்று போட்டார்கள். நானும் போட்டேன்.

விழா முடிந்து வெளியே வந்தபோது, மணியம் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏறுங்க, தொரை.”

முன்னால் போய் உட்கார்ந்திருக்கலாம். பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஏழு ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம் அவர்கள் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான். பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போவது என் உரிமை. மூன்று நாள் முன்பே மெர்கோங்கில் அவர்கள் வீட்டுக்குப் போய் இறங்கினேன். மணியம் வாசலுக்கு வந்து, “வாங்க மச்சான்” என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் மனம் லேசாக வேண்டுமே! சரசுவை உட்காரவைத்து, அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவர் காலைத் தொடக் குனிந்தேன்.

அவர் காலை இழுத்துக்கொண்டார். “ஏன் மச்சான் இவகிட்ட சொன்னீங்க? ஏழு வருசமா நான் மூச்சு வுடல. அண்ணன் அண்ணன்னு சாமி மாதிரி வச்சிருந்தா லா.”

சரசு அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“அன்னிக்கி அவரு புதுச் சட்ட போட்டுக்கிட்டு வந்தாரு அண்ணே. ஒங்ககூட நிக்கப் போறாருன்னு நான்தான் அயன் பண்ணிக் குடுத்தேன்” என்றாள். எழுந்துகொண்டே, “கவிதா கையப் புடிக்க நான் வேற ஆளு பாத்துக்கிறேன்” என்றாள்.

மணியம் எனக்காக இரண்டு நாள் அவளிடம் மன்றாடினார். அவள் அசையவில்லை.

கல்யாண மண்டபத்தில் எனக்கு முன்வரிசையில் சோபா போட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் என்று ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். எழுந்து கும்பிட்டேன், கைதட்டினார்கள். பிறகு மேளம் உயர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கவிதாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். என் எதிரே வந்ததும் அவள் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். விருந்தினர்கள் எழுந்து போய்ப் பெண்ணின் கையைப் பிடிப்பதில்லை.