ஈயப் புகையிலிருந்து என் மகளை மீட்டுத் தந்த தாய்

அம்மனை நம்பியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கையில், கித்துல்கல பக்கம் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அழகாகப் பேச எனக்கு வராது. பட்டதைச் சொல்கிறேன்.

சண்டை நிறுத்தம் வந்த வருஷம், ஆடி மாதம். என் மகள் செல்விக்கு நாலு வயது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுப்பாள். சோறு இறங்காது, வெளிக்கும் போகாது. முகம் வெளுத்துப்போனது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சையே குறைத்துவிட்டாள். தோட்டத்து மருந்து வீட்டில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி, "ஆத்தங்கரையில எதையோ பாத்துப் பயந்துருச்சுங்க" என்றாள். மந்திரித்தோம், கயிறு கட்டினோம். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

அந்த வருஷம் விடாத மழை. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. என் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். பழைய லொறி பெட்டரியை உடைத்து, ஈயத்தை எங்கள் அடுப்பிலேயே உருக்கி, மீன் பிடிக்கிற வீச்சு வலைக்குக் குண்டு வார்ப்பார். சாரல் அடிக்கும் என்று கதவைச் சாத்திவிடுவோம். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குண்டுகளை வைத்து விளையாடுவாள், வாயிலும் போட்டுக்கொள்வாள். பிள்ளை கண் முன்னால் இருக்கிறாளே என்று எனக்கு நிம்மதி.

ஆடிப் பூசையன்று அவளைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். நம்பிக்கை செத்துப்போயிருந்தது. "தாயே, இவ படுறத என்னால பாக்க முடியல. ஒண்ணு குணமாக்கு, இல்லாட்டி நீயே எடுத்துக்க" என்று அழுதேன். பெற்றவள் வைக்கிற வேண்டுதலா அது? வைத்தேன். அப்போதே என் மடியில் அவளுக்குக் கை கால் வெட்டி இழுத்தது. சாமி வந்துவிட்டது என்று சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தோட்டத்தில் பிரசவம் பார்க்கிற மிட்வைஃப் அம்மா வந்தார்.

"சாமியுமில்ல, பேயுமில்ல. இது வலிப்பு. கும்புட்டது போதும், லொறிய எடுக்கச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் ஈறில் ஓடிய கறுத்த கோட்டைப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். பெட்டரிக் கதையைச் சொன்னேன். ஈயம் இரத்தத்தில் ஏறி மூளை வரை போய்விட்டது, வயிற்றுவலி வந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் குண்டு வார்ப்பதை அன்றோடு விட்டார்.

உயிர் தங்கியது. அவ்வளவுதான் தங்கியது. இன்று செல்விக்குப் பத்து வயது. எழுத்து ஏறவில்லை, இனி ஏறாது என்றும் சொல்லிவிட்டார்கள். அம்மனோடு நான் சண்டை போடாத வாரமில்லை. ஆனாலும் விளக்கு வைக்காமல் இருந்ததில்லை. அந்தக் கூட்டத்தில் மிட்வைஃப் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தியது அவள்தான்.

தாய்மார்களே, அவளை நம்புங்கள். வீட்டில் ஈயம் உருக்கினால் இன்றே நிறுத்துங்கள். பிள்ளைக்கு வயிற்றுவலி, முகம் வெளுப்பு, மந்தம் என்று கண்டால் டாக்டரிடம் போய், ஈயம் உருக்கியதை வாய் திறந்து சொல்லுங்கள். வலிப்பு வந்தால் கும்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓடிக்கொண்டே கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்கும்.