பேச்சியம்மா தேய்த்த பித்தளைத் தகடு

கந்தப்பளைக்கு மேலே, லாரியே முனகிக்கொண்டு ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கந்தப்பன் தோட்ட மேனேஜரான பெரிய துரையின் கார் டிரைவராக இருந்தான். தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடித்தவனுக்குப் பிறந்த பிள்ளை காக்கிச் சட்டை போட்டு ஸ்டியரிங் பிடித்தால் சும்மா இருப்பானா? வரிசை வீட்டு லயத்து வாசலில் நடந்து திரும்பும்போதுகூடக் கையை நீட்டி சிக்னல் காட்டுவான் என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அது பொய். ஆனால் அந்தக் காரைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகச் சொல்லிவிட்டால் அவனுக்கு மூக்கின்மேல் கோபம் வரும் என்பது மெய்.

கார் ஒரு கறுப்பு ஆஸ்டின். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் கொழும்பிலிருந்து வந்து இறங்கியது. பொனட்டைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ளங்கையளவு பித்தளைத் தகடு ஒன்று தெரியும். காரின் நம்பர், பாடியின் நம்பர் எல்லாம் அதில் மெல்லிய கோடுகளாகப் பதித்திருக்கும். கந்தப்பனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அது காரின் முகம்.

ஆயுத பூஜை வந்தால் மற்ற டிரைவர்மார் வாழை கட்டுவார்கள், சந்தனம் பூசுவார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். இந்தத் துரையிடம் அதெல்லாம் நடக்காது. தன் காரில் ஒரு துளி குங்குமம் பட்டாலும் தொலைத்துவிடுவதாக முதல் வருஷமே சொல்லிவிட்டார். கந்தப்பனுக்கு மனசு கேட்கவில்லை. பூஜை காணாத வண்டியை றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் எந்தத் தைரியத்தில் ஓட்டுவது? கார் லயத்துக்கு வர முடியாது, சரி. முகம் வரலாமே. பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் நான்கு திருகாணிகளையும் கழற்றித் தகட்டைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அவன் மனைவி பேச்சியம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தாள். பொட்டு வைத்து முருகன் படத்தின் முன்னால் ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கும்பிட்டு முடிந்ததும் கந்தப்பன் துடைத்து எடுத்துப்போய் இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டான். துரைக்குத் தெரியாது. அதன் பிறகு ஒரு வருஷமும் அது தவறவில்லை. பேச்சியம்மாவின் கை சும்மா கை இல்லை. அண்டாவானாலும் மகள் மீனம்மாவின் முதுகானாலும் ஒரே தேய்ப்புத்தான். தகடு வருஷத்துக்கு வருஷம் கூடுதலாக மின்னியது. கந்தப்பன் பூரித்துப்போனான். கோடுகள் மங்கிக்கொண்டே வந்தது அவன் கண்ணில் படவில்லை. வாசிக்கிறவன் அல்லவா எழுத்தைத் தேடுவான்!

பத்துப் பன்னிரண்டு வருஷம் போனது. துரைக்குப் புதுக் கார் ஆசை வந்தது. ஆஸ்டினை வாங்க அட்டனிலிருந்து முத்துலிங்கம் என்ற கடை முதலாளி ஒரு மெக்கானிக்கோடு வந்தார். மெக்கானிக் பதிவுப் புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பொனட்டைத் தூக்கினான். தகட்டில் நம்பர் இல்லை. அவன் முகம்தான் தெரிந்தது.

அந்த நாட்களில் திருட்டுக் கார்களின் நம்பரை அரத்தால் அராவி விற்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. முதலாளி நேரே போலீசுக்குப் போனார். சார்ஜன் வந்து பார்த்தார். தகடு வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. திருகாணிகளில் அடிக்கடி கழற்றிய தடம் இருக்கிறது. கடைசியாக வண்டியை ரிப்பேர் வேலைக்கு எடுத்தது யார் என்று கேட்டார். நுவரெலியாவில் சிறிய கராஜ் வைத்திருந்த ஹமீத்தின் பெயரைத் துரை சொன்னார். அன்றைக்கே ஹமீத்தைப் பிடித்து உள்ளே போட்டார்கள். காருக்கு அடியில் இரும்புச் சட்டத்திலும் அதே நம்பர் அடித்திருக்கும். சேற்றில் படுத்து அதைச் சுரண்டிப் பார்ப்பதைவிட ஒரு ஏழையைப் பிடித்து அடைப்பது சுலபம் இல்லையா?

கந்தப்பனுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் ஹமீத்தின் மனைவி ரஸீனா அவனைத் தேடி லயத்துக்கே வந்தாள். அழுது வீங்கிய முகம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணே, அவரு உங்க வண்டியத் தன் புள்ள மாதிரி பார்த்தவரு. அவரு அப்படிச் செஞ்சிருப்பாருன்னு நீங்க நெனக்கிறீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தான்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். அதில் சந்தேகமே இல்லை. வேலையோடு போனால்கூடப் பரவாயில்லை. தோட்டத்தில் பேர் இல்லாதவனுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனு அதற்கு முன்பே தள்ளுபடியாகியிருந்தது. தோட்டத்தைவிட்டு இறங்கினால் இந்தியாதான் என்றார்கள். இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டால் கைகாட்டக்கூட அவனுக்குத் தெரியாது.

ஒரே ஒரு வழி இருந்தது. பேச்சியம்மாவின் பேர் தோட்டத்து ஆள் கணக்கான செக்ரோலில் தனியாக இருந்தது. அவள் கொழுந்து பறிக்கிறவரை காம்பரா அவர்களுக்குத்தான். அவனும் மகளும் அதற்குள் ஒண்டிக்கொள்ளலாம். ஆக, தேய்த்தவளின் பேர் துரையின் காதுக்குப் போகவே கூடாது. கழற்றியதும் நான், தேய்த்ததும் நான் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு பேச்சியம்மாவைக் கூப்பிட்டான்.

"யாரு என்னா கேட்டாலும் அந்தத் தகட்டப் பத்தி நீ வாயத் தொறக்காத, பேச்சி."

ஏன் என்று அவள் கேட்டாள். அவன் சொல்லவில்லை. சொன்னால் போகவிடமாட்டாள், வாசலை மறித்து நிற்பாள் என்று பயந்தான். அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லியிருக்கலாம். படுபாவி, சொல்லாமல் போனான்.

ஆபீசில் துரையும் விசாரணைக்கு வந்திருந்த சார்ஜனும் இருந்தார்கள். கந்தப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூஜை, புளி, செங்கல் தூள் எல்லாம் தன் வேலைதான் என்று சொன்னான். பெரிய கிளாக்கர் இங்கிலீஷில் எடுத்துச் சொல்லச் சொல்லத் துரையின் கழுத்து சிவந்தது. சார்ஜன் மட்டும் சிரித்துவிட்டார். அவர் வீட்டிலும் பித்தளை விளக்கு இருந்திருக்கும். ஒரு ஆளைக் காருக்கு அடியில் இறக்கிச் சட்டத்தைச் சுரண்டச் சொன்னார். புத்தகத்தில் இருந்த நம்பர் அப்படியே அங்கே இருந்தது. பகலுக்குள் ஹமீத்தை விட்டுவிட்டார்கள்.

காரில் குற்றமில்லை. துரைக்கு ஒரு சதம் நஷ்டமில்லை. ஆனாலும், தன் காரில் கைவைத்தவன் திருடன், ஆண்பிள்ளை உட்கார்ந்து பித்தளை தேய்த்தேன் என்கிற இவன் பொய்யன், இவனுக்கு இன்றைக்கே பத்துச்சீட்டு எழுது என்று கிளாக்கரிடம் சொன்னார். அந்தச் சீட்டை வாங்கினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கந்தப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பேச்சியின் பேர் வரவில்லை, கூரை தப்பியது என்ற ஒரு நிம்மதியோடுதான் லயத்துக்கு இறங்கினான்.

கதவு பூட்டியிருந்தது. பேச்சியம்மா கொழுந்து மலையிலிருந்து திரும்ப இன்னும் நேரம் இருந்தது. வாசலில் குந்தினான். வெயில் சாயும் வேளையில் அவள் வந்தாள், மலைப்பக்கமிருந்து அல்ல, ஆபீஸ் பாதையில். தோளில் கூடை இல்லை.

மலைக்குச் செய்தி வந்துவிட்டதாம். புருஷனைத் துரை பொய்யன் என்று சொன்னதாகக் கங்காணி எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தானாம். கூடையை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"தேச்சது நாந்தான்னு சொல்லிட்டேங்க," என்றாள். மூச்சு வாங்கியது. "இந்தக் கையாலதான்னு நீட்டிக் காட்டுனேன். உங்களப் பொய்யன்னு சொல்லிட்டா நான் சும்மா இருப்பேனா?"

கந்தப்பன் எழுந்து நின்று கேட்டான்.

"தொரை என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் திட்டலைங்க. பேரு என்னான்னு கேட்டாரு. சொன்னேன். கிளாக்கரய்யா எழுதிக்கிட்டாரு."

அவள் முகத்தில் அத்தனை தெளிவு. புருஷன் மானத்தைக் காப்பாற்றிவிட்ட தெளிவு. அவன் தண்ணீர் கேட்டான், கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் பனி விலகுமுன்னே, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். பேர் கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள். பேர் எல்லாம் முடிந்தது. கணக்கப்பிள்ளையும் கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டார். தன் பேர் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டு பேச்சியம்மா கூடையோடு அங்கேயே நின்றாள்.