பின்பாட்டு

என் தங்கையைப் பெரியம்மா "மதனி" என்று கூப்பிட்டார். தங்கைக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. எனக்கோ அந்தத் தப்பான முறைகூடக் கிடைக்கவில்லை.

அம்மா வேலைக்குப் போன காலமெல்லாம் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர் பெரியம்மா. எங்கள் கீழக்குயில்குடியில் நடவு என்றால் அவர்தான் பாட்டெடுத்துக் கொடுப்பார். மறதி வந்த பிறகு என்னைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று மரியாதையாக விசாரித்தார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பழகிய பாட்டு காதில் விழுந்தால் நல்லது என்றார் கே.கே. நகர் டாக்டர். அப்பா செல்போனில் என்னென்னவோ போட்டுப் பார்த்தார். பெரியம்மா கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் காலை அவராகவே ஏதோ முனக, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த தங்கை அதையே திருப்பிப் பாடினாள். பெரியம்மா நிமிர்ந்தார். அடுத்த அடி வந்தது. இரண்டு நாளாகச் சாப்பிட வாய் திறக்காதவர் அன்று தட்டிலிருந்த இட்லி முழுவதையும் சாப்பிட்டார். மதனியின் கையால்தான்.

அதிலிருந்து தங்கையின் நடையே மாறிவிட்டது. "பெரியம்மா இன்னைக்கும் உன்னைய எந்த ஊருன்னு கேட்டுச்சாண்ணே?" என்று சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் விசாரிப்பாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வகுப்பிலும் முதல். எழுத்துக்கூட்டத் தெரியாதவளுக்கு இம்புட்டு மவுசா என்று வயிறெரிந்தது.

அம்மாவை நச்சரித்து அந்தப் பாட்டை முழுவதும் மனப்பாடம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தங்கையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். பெரியம்மா முன்னால் கைகட்டி நின்று, முதலிலிருந்து கடைசி வரை பிசகாமல் பாடினேன். பாடப் பாட அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அம்புட்டையும் நீயே பாடிட்டா, நான் எதுக்கு வயலுக்கு வந்தேன்?"

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மதியம் சோற்றையும் தொடவில்லை. தங்கையை உள்ளே விட வேண்டியதாயிற்று. அவள் தரையில் உட்கார்ந்து பேசாமல் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா தொடங்கினார். அவள் பின்னாலேயே போனாள். அவளுக்கு என்னைவிடக் குரல் நன்றாக இருக்கிறது போலும் என்று நினைத்து அழுதேன்.

நடவில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுதான் முறை. பெரியம்மா தேடியது தன் பின்னால் வரும் ஒரு குரலை. அது எனக்கு அன்று எட்டவில்லை. எதிலும் நீதான் முந்தணும் என்று சொல்லிச் சொல்லி என்னைப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுவந்து விட்டவரும் அவர்தானே.