அக்காவின் ரத்தத்தில் ஓர் எண்

அக்காவுக்கு மார்புக் கட்டியை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேறெங்காவது பரவியிருக்குமோ என்ற பயம் அவளைவிட எனக்குத்தான் ஜாஸ்தி. புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்பதைத்தான் புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் ஆராய்கிறேன்.

மைக்ரோ ஆர்என்ஏ என்பது செல்லுக்குள் இருக்கும் துக்கடா சமாசாரம். எந்த ஜீன் வாயைத் திறக்கலாம், எது மூடிக்கொள்ள வேண்டும் என்று அதட்டுவதுதான் அதன் வேலை.

"நம்ம மேஸ்திரி மாதிரின்னு சொல்லு" என்றாள் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் அக்கா. அதேதான். சில மேஸ்திரிகள் அளவுக்கு மீறி ஆடினால், கட்டியின் செல்கள் பிடியை விட்டு ரத்தத்தில் ஏறி எலும்புக்கோ நுரையீரலுக்கோ போய்விடும். ரத்தத்தில் அந்த மைக்ரோ ஆர்என்ஏக்களை அளப்பதுதான் எங்கள் ஆய்வு. அக்காவும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்து, அவ்வப்போது வந்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உப்பு வாரும் சமயம் என்பதால் அந்த முறை அவளால் வர முடியவில்லை. ஊரிலேயே ரத்தம் எடுத்து ஐஸ் டப்பாவில் வைத்து அக்காவின் வீட்டுக்காரர், மாமா, பஸ்ஸில் கொண்டுவந்தார். மெஷினில் சுழற்றியதும் மேலே வெளிர் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் சிவப்பாக நின்றது. அப்படி இருந்தால் தூக்கிப் போட வேண்டும் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை, அளந்தேன்.

எண் எகிறிக் கிடந்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆய்வு எண்ணை வைத்து யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது. அடுத்த மாத ஸ்கேனை இப்போதே எடுத்துவிடலாம் என்று மட்டும் அக்காவை நச்சரித்து வரவழைத்தேன். அவள் உள்ளே போனதும் வெளியே மாமா கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு ரத்தம் ஜில்லுனு வந்துச்சா? ஐஸ்ல ரெண்டு கை உப்பு போட்டேன். பஸ் ஏறுறப்போ பாத்தா ரத்தம் கல்லு மாதிரி உறைஞ்சிருந்துச்சு!"

உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் குளிரும் என்று உப்பளத்துக்காரருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ரத்தம் உறைந்து இளகினால் சிவப்பணுக்கள் உடைந்து நீர் சிவக்கும். அந்த அணுக்களுக்குள் இருக்கும் அதே மைக்ரோ ஆர்என்ஏ வெளியே கொட்டும். நான் அளந்தது நோயை அல்ல, மாமாவின் அக்கறையை. சிரிப்பு வந்தது. ஆனால் எண் பொய் என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாதே. ரிப்போர்ட் வரும்வரை உட்கார முடியவில்லை.

எங்கும் பரவவில்லை என்றார் டாக்டர். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கேண்டீனில் டீ குடிக்கும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அடிப்பாவி, ரெண்டு நாளா எனக்குக் கருமாதியே பண்ணிட்டியா?" என்று தலையில் நங்கென்று குட்டினாள். வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.