படத்தில் இல்லாத மாமியார்

என் மகனுக்கு இரண்டரை வயதாகியும் உட்கார வரவில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டீச்சரம்மா, இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடி ரஞ்சன்குடிப் பக்கம் வருவார். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அந்த நாட்டுப் படங்களைக் காட்டிப் பயிற்சி சொல்லித் தருவார். படத்தில் ஒரு வெள்ளைக்காரி தனியாகப் பிள்ளையின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள். "அம்மாதாங்க முதல் டீச்சர்" என்பார்.

அங்கெல்லாம் வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும்தான் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் வேளைக்குப் பத்துப் பதினோரு தட்டு. மற்ற பிள்ளைகள் எல்லார் இடுப்பிலும் மாறி மாறி வளர்ந்தவை. இவன் மட்டும் அந்த ஒரு வார்த்தையால் முழுசாக என் தலையில் விழுந்தான். அதுவரை தூக்கி வைத்திருந்த மாமியார்கூட, "நீதான் செய்யணுமாம்ல" என்று ஒதுங்கிக்கொண்டார். மூன்று வேளையும் பயிற்சி. களையெடுக்கப் போவது நின்றது, கிணற்றடிப் பேச்சும் நின்றது. எனக்கு மூச்சு முட்டியது.

அப்போதுதான் கல்லங்குறிச்சிக் கோயிலில் என் தங்கைக்குக் கல்யாணம் வைத்தார்கள். அம்மா ஆள் விட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பாத்தா ஒரு மாதிரி நெனைப்பாங்க. அவன வுட்டுட்டு வா." பெற்ற தாயே இப்படிச் சொன்னதில் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போக ஆசை.

டீச்சரம்மாவிடம் கேட்டேன். "இந்தப் படத்துல இருக்கறவளுக்கு மாமியாரே கெடையாதாங்க? எங்க அத்தைக்கும் சொல்லிக்குடுங்க."

சிரித்தவர், சற்று யோசித்துவிட்டு அத்தையை உட்கார வைத்தார். அத்தை அவன் காலைப் பிடித்ததுமே பிள்ளை வீறிட்டான். அத்தை பதறி எழுந்துவிட்டார்.

"வேணாங்க. ஏதாச்சும் ஆயிட்டா ஆயுசுக்கும் என்னையத்தான் சொல்லுவாங்க. பெத்தவ செஞ்சா யாரு கேக்கப் போறா?"

டீச்சரம்மா படங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

கல்யாணத்தன்று எங்கள் வீட்டில் எல்லாரும் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினார்கள், என் கணவர் உட்பட. பிள்ளையோடு நான் மட்டும் வீட்டில். சம்பந்தி வீடு போகாவிட்டால் மரியாதையா? முகூர்த்த நேரம் தாண்டியதும் அவனைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அவன் என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்து விளையாடினான்.

பொழுது சாய வந்திறங்கிய அத்தை, தாம்பூலப் பையை என் கையில் கொடுத்தார். "தாலி ஏறுற வரைக்கும் ஒந் தங்கச்சி வாசலயே பாத்துக்கிட்டு இருந்தா, பாவம்" என்றவர், அதே மூச்சில் கேட்டார்: "புள்ளைக்குக் கால மடக்கி நீட்டி வுட்டியா?"

"வுட்டேன் அத்தை" என்றேன். அன்றைக்கு முழுக்க அவன் காலை நான் தொடவே இல்லை.