கிரேக்க நாடகமும் ஒரு கல்வெட்டும்

2014 ஜூன் மாதக் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பாபடோயிட்டோய் நூலகம். பஸ் ஓட்டுநர். கிரேக்க நாடகம். கேட்டேன், பிடிகொடுக்கவில்லை."

ஆக்லாந்தின் அந்த நூலகத்துக்கு வந்து வாசிக்கும் ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்பார். ஆக்லாந்தில் எங்கள் ஆட்கள் யாராவது இறந்தால், முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு, வீட்டாரின் புலம்பலை அவர்தான் பாட்டாக எழுதிக் கொடுப்பார். தன் பெயர் போடமாட்டார்.

நான் அந்தக் கல்வெட்டுகளைச் சேர்த்து, எந்தப் பாட்டை யார், எப்போது எழுதினார் என்று பட்டியல் போட்டுவந்தேன். ஒரு பாட்டில் மட்டும் சிக்கல். கணவர் சாகுமுன் மனைவிக்கு எழுதிவைத்தது என்று அச்சிட்டிருந்தார்கள். நடையோ இந்த ஓட்டுநருடையது.

"அண்ணை, இது நீங்கள் எழுதினதுதானே?"

அவர் கையிலிருந்த நாடகத்தைக் காட்டினார். "இந்தக் கவிஞர் செத்து ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல. இதை அவர் எழுதேல்லை, மகன் எழுதியிருக்கலாம் எண்டு படிச்ச ஆக்கள் இப்பவும் சண்டை பிடிக்கினம். அதால ஆருக்கும் நோகாது. ஆனா புருஷனை இழந்த அந்த அக்கா ஒவ்வொரு நாளும் காலமை அந்தப் பாட்டை வாசிச்சுப்போட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறா."

"அப்ப நீங்கள்தான்."

"ஓம் எண்டு நான் சொல்லேல்லையே, தம்பி. உம்மட பட்டியலில ஒரு கட்டம் வெறுமையா இருந்தா உமக்கு நித்திரை வராதோ?" என்று சிரித்தார்.

அடுத்த வருடம் அவர் மாஸி என்ற புறநகர்ப் பக்கம் வீடு மாறிப் போனார். பிறகு சந்திக்கவில்லை. கணவரின் கையெழுத்தில் அந்தப் பாட்டு இருக்கிறதா என்று அக்காவைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பலமுறை பார்த்துப் பேசியும் நான் கேட்கவில்லை. எழுதியவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.