விண்ணரசிக்குத் தண்ணீர் கட்டிய நாள்

குங்கிலியத்தை எண்ணெயில் போட்டுக் காய்ச்சும்போது கிளம்பும் புகைக்கும், ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஆட்டும் தூபக்கலசத்தின் புகைக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு என்னுடையது. அரசலாற்றங்கரையில் என் அப்பாவின் படகுப் பட்டறையில் அந்தப் புகை எழுந்தால், அங்கே வேலை செய்யும் ஆள்கள் கேட்கும்படி நெற்றியில் சிலுவை போட்டு முழந்தாளிட்டு, "ஆண்டவரே, ஆசாரிக்கு நீச்சல் வரப் பண்ணும்" என்று உரக்கச் செபிப்பேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போன நாள்களைவிட, பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத் தேடி ஆள் வந்த நாள்கள் அதிகம்.

நான் செபித்தது கலியமூர்த்தி ஆசாரிக்காக. வரிச்சிக்குடியிலிருந்து சைக்கிளில் வருவார். நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊரில் பிறந்தவர், படகு செய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அப்பா சொல்வார். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நிற்கச் சொன்னால் கால் நடுங்கும். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. படகின் பலகை இணைப்புகளில் குங்கிலியத்தில் ஊறிய பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்குவதற்குக் "கலப்பத்து" என்று பெயர். கலப்பத்து அடித்தவர் யாரோ, அவர் படகின் முதல் ஓட்டத்தில் கூடவே கடலுக்குப் போய்வர வேண்டும். தன் வேலைக்குத் தன் உயிரே சாட்சி என்கிற மாதிரி. நீச்சல் தெரியாத கலியமூர்த்தி ஆசாரி ஒவ்வொரு முறையும் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார். நான் விடமாட்டேன்.

"ஆசாரியாரே, நான் நீச்சல் கத்துக் குடுக்கட்டுங்களா? உங்களுக்குன்னா சும்மாவே சொல்லித் தரேன்."

"போடா வாலு. எனக்கு நீந்தத் தெரியாதுங்கிறதாலதான்டா என்னை நம்பிப் படகு குடுக்கிறாங்க. நீந்தத் தெரிஞ்சவன் கை கொஞ்சம் சோம்பும். ஒரு திரி கம்மியா அடிச்சாலும் நாம நீந்திக் கரையேறிடலாம்னு தோணும். எனக்கு அது தோணாது பாரு."

நான் சொல்ல வருவது ஒரு தடைக்காலத்தின் கதை. சித்திரை, வைகாசியில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த மாதங்களில்தான் பட்டறைக்கு உயிர் வரும். மற்றவர்களின் படகுகளையெல்லாம் சரிசெய்துகொண்டே, அப்பா அந்த வருடம் தனக்கென்று ஒன்றை எடுத்தார். சேற்றில் பாதி புதைந்து, நண்டு குடியிருந்த பழைய மரப்படகு. பெயர் விண்ணரசி. அப்பா கல்யாணத்துக்கு முன்னால் அதில்தான் இயந்திரம் ஓட்டினாராம். அதை இழுத்துவந்து முட்டுக்கொடுத்து நிறுத்தியபோது, கடலுக்குப் போகிற திருவேட்டக்குடி மாரியப்பன் அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அமலதாஸ் அண்ணே, இது படகா, இல்ல விண்ணரசியோட எலும்புக்கூடா?" என்றார். ஆனாலும் முதல் ஓட்டத்துக்குக் கூட வர ஒத்துக்கொண்டார்.

இரண்டு மாதமும் ஆசாரி அதில்தான் கிடந்தார். உளுத்த பலகைகளைப் பெயர்த்தார். படகின் விலா எலும்புகளான "வங்கு"களில் நாலைந்தை மாற்றினார். மற்றவர்கள் ஃபைபர் படகுக்குப் பசை பூசி ஒரே நாளில் இறக்கிக்கொண்டிருக்க, விண்ணரசி மட்டும் வெள்ளைப் பல்வரிசையில் சொத்தைப் பல் மாதிரி நின்றது.

படகு முடிந்ததும் அதைச் சோதிக்க ஆசாரி வைத்திருந்த முறை எளிமையானது. கடலில் இறக்கிப் பார்ப்பதற்குமுன், கரையிலேயே படகுக்குள் தண்ணீரை நிரப்பிவிட்டுக் கீழே சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வார். எங்கே சொட்டுகிறதோ அங்கே கரித்துண்டால் ஒரு வட்டம். வயலுக்குச் சொல்வதுபோலவே அதற்கும் "தண்ணி கட்டுறது" என்றுதான் சொல்வார். "மனுசன் பொய் சொல்லுவான், மரமும் பொய் சொல்லும். தண்ணி சொல்லாது" என்பார்.

முதல் தடவை தண்ணீர் கட்டியபோது பத்துப் பன்னிரண்டு வட்டம் போட்டார். எல்லாவற்றையும் அடைத்து, ஒரு வாரம் காயவிட்டு, இரண்டாம் தடவை கட்டியபோது ஒரே ஒரு வட்டம். பின்பக்கத்திலிருந்து மூன்றாவது வங்குக்கு அருகே, அடிமரத்தை ஒட்டி. அதையும் பிரித்து மறுபடி அடித்தார். தடைக்காலம் முடிய ஐந்து நாள்கூட இல்லை. அப்பா அன்று குடித்த தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "மூணாந்தடவையும் சொட்டுச்சுன்னா கோடாலிதான். ஊரு சிரிச்சது போதும்."

அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை என்பதால் அந்த வார்த்தை எனக்குப் பயமாக இருந்தது. மாலையில் வேலை முடிந்த பிறகு அவர் விண்ணரசியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா தோளில்கூட அவர் அப்படிக் கை வைத்து நான் பார்த்ததில்லை.

என் கால்சட்டைப் பையில் எப்போதும் மெழுகு உருண்டை இருக்கும். மாதா சுரூபத்தின் முன்னால் எரிந்து தீர்ந்த மெழுகுவத்திகளின் அடியைச் சுரண்டி உருட்டி வைத்திருப்பேன். பள்ளிக்கூடப் பெஞ்சில் ஒட்டிவைத்து, உட்காருகிறவன் எழும்போது வேடிக்கை பார்க்க. மூன்றாம் சோதனை நாளில், எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் நான் படகுக்குள் இறங்கினேன். வெயிலில் மெழுகு வெல்லப்பாகு மாதிரி குழைந்தது. மூன்றாவது வங்குக்குப் பக்கத்தில், அடிமர இணைப்பின் நீளத்துக்கு அதைக் கட்டைவிரலால் திணித்தேன். வெள்ளையாகத் தெரிந்ததால் குங்கிலியச் சட்டியின் கரியை எடுத்து மேலே தேய்த்தேன். இவ்வளவு கவனமாக நான் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குக்கூடப் போட்டதில்லை.

மதியத்துக்கு மேல் தண்ணீர் கட்டினார்கள். ஆசாரி படுத்தார். வெயில் தாழும்வரை படுத்தே கிடந்தார். எழுந்து உட்கார்ந்தபோது கையில் கரித்துண்டு முனை மழுங்காமல் இருந்தது.

"தம்பி, பொட்டுத் தண்ணி இல்லை. வந்து பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா குனிந்து பார்த்தார். பிறகு ஆற்றுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு வெகு நேரம் முகம் கழுவினார். அதைப் பார்த்தபோது, உலகத்திலேயே பெரிய காரியம் செய்தவன் நான்தான் என்று நினைத்தேன்.

தண்ணீரை இறைத்துக் காயவிட்டு, மறுநாள் ஆசாரி உள்தளப் பலகைகளைப் பரப்பி ஆணி அடித்தார். மெழுகு அடியில் போய்விட்டது. ஒவ்வொரு ஆணி இறங்குவதையும் எண்ணிக்கொண்டு நின்றேன். முதல் ஓட்டத்துக்கு ஆசாரி ஏறுவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மெழுகு திருடினேன் என்று சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். ஆறு சொன்னேன். சொல்லவேண்டிய ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கோடாலி.

தடைக்காலம் முடிந்த அன்று காலையில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஆசாரி தன் பங்குக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தார். விண்ணரசி உருளைக் கட்டைகள் மேல் நகர்ந்து ஆற்றில் இறங்கியது. அப்பா, மாரியப்பன் அண்ணன், கண்ணை மூடிய ஆசாரி. நானும் தாவி ஏறிவிட்டேன். எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பின்பக்கம், மூன்றாவது வங்குக்கு நேர் மேலே, பலகையில் கனமாக உட்கார்ந்தேன். என் கனத்தால் மெழுகு நிற்கும் என்று நினைத்தேன்.

முகத்துவாரம் தாண்டி முதல் அலை ஏறி இறங்கியதும் என் தொடைக்குக் கீழே சில்லென்றது.

ஆசாரி கண்ணைத் திறந்தார். பலகை இடுக்குகளில் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. "தம்பி, திருப்புங்க" என்றார், சாப்பாட்டில் உப்பு கேட்பதுபோல. மாரியப்பன் அண்ணன் வாளியால் இறைக்க இறைக்கத் தண்ணீர் ஏறியது. அப்பா முகத்துவாரத்து மணல் திட்டை நோக்கி விட்டார். கணுக்கால், பிறகு முழங்கால். இயந்திரம் இருமி நின்றது. அலைதான் எங்களைத் திட்டில் கொண்டுபோய்ச் சாய்த்தது. அந்த நேரம் முழுக்க ஆசாரியின் ஒரு கை படகின் விளிம்பிலும், இன்னொரு கை என் மணிக்கட்டிலும் இருந்தன. நீந்தத் தெரியாதவர், நீந்தத் தெரிந்த என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் மூழ்கிவிடக் கூடாது என்று.

திட்டில் இறங்கியதும் அவர் உள்தளப் பலகை ஒன்றைப் பெயர்த்து, இணைப்பில் விரலை விட்டுப் பார்த்தார். மெழுகு எப்போதோ பெயர்ந்து தண்ணீரோடு போயிருந்தது.

"கட்டுன தண்ணியில நின்னுச்சே" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "என் கை தப்பு, தம்பி."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஊரிலேயே வாய் நீளம் என்று பெயரெடுத்தவன், அன்று வாயைத் திறக்கவில்லை.

ஆசாரி உளிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் போனார், திரும்ப வரவில்லை. அப்பா இரண்டு முறை ஆள் அனுப்பினார். "தண்ணியே பொய் சொல்லுதுன்னா எதை நம்பித் தம்பி நான் திரி அடிக்கிறது?" என்று ஆசாரி பதில் சொல்லி அனுப்பினார். விண்ணரசியைத் திட்டிலிருந்து இழுத்துவந்து அப்பாவே கோடாலி போட்டார். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பில் அதுதான் எரிந்தது. சோற்றில் குங்கிலிய வாசம் அடித்தது. அம்மா முகம் சுளித்தாள். நான் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.

பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. போன ஐப்பசி மழையில் எங்கள் வாசற்கதவு ஊறி, நிலையோடு இறுகிக்கொண்டது. "வரிச்சிக்குடி ஆசாரி இப்ப கதவு வேலதான் பாக்குறாராம். நீயே போய்க் கூப்பிடு. அவருக்கு உன் மேல ஒரு பிரியம்" என்றாள் அம்மா. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

கொட்டகையில் நிலைச்சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"யாரு, அமலதாஸ் தம்பி மவனா? வாங்க நீச்சல் வாத்தியாரே!"

அவர் அப்படிச் சொல்லிச் சிரிக்காமல் இருந்திருந்தால் கதவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்திருப்பேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இழைப்புளி நின்றது.

"மெழுகா?"

"ஆமாங்க. கோயில் மெழுகு."

"எந்த எடத்துல?"

"பின்னாலேருந்து மூணாவது வங்கு. அடிமரத்தை ஒட்டி."

"உள்பக்கமாவா வச்சே?"

"உள்பக்கந்தாங்க."

அவர் இடது உள்ளங்கையை விரித்து, வலது கைவிரலால் மேலிருந்து ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பிறகு கையைத் திருப்பாமலே, கீழிருந்து ஒருமுறை குத்திப் பார்த்தார்.

"உள்ள கட்டுன தண்ணி மெழுகை இறுக்கியிருக்கும். வெளித் தண்ணி தள்ளியிருக்கும்." விரித்த கையை மெல்ல மூடினார். "அப்ப தண்ணி பொய் சொல்லலை."

அவர் வீட்டம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடி என்று ஆசாரி சொல்லவில்லை. அதில் ஆடை படியும்வரை நான் நின்றேன்.

"பதிமூணு வருசம்டா, பாவிப்பயலே" என்றார் கடைசியில். "எத்தனை ராத்திரி அந்த எடத்தைப் பிரிச்சுப் பிரிச்சு அடிச்சிருக்கேன் தெரியுமா, படுத்துக்கிட்டே?" இழைப்புளியை மறுபடி கையில் எடுத்தார். "கதவு அளவைச் சொல்லிட்டுப் போ."

வந்து கதவைச் சரிசெய்துவிட்டுப் போனார். அம்மாவிடம் பேசினார், என்னிடம் பேசவில்லை. இப்போது அந்தக் கதவு ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் திறக்கிறது.

பட்டறையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குங்கிலியச் சட்டி இல்லை, கரித்துண்டு இல்லை, விண்ணரசி நின்ற இடத்தில் ஃபைபர் பசை டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. ஃபைபர் படகுக்கு யாரும் தண்ணீர் கட்டுவதில்லை. நான் கட்டுகிறேன். ஆள்கள் சிரிக்கிறார்கள், வாயடித்தே பழகிய எனக்குப் பதிலுக்குச் சொல்ல ஆயிரம் கைவசம் இருக்கிறது, சொல்வதில்லை. மதியம் அவர்களெல்லாம் சாப்பிடப் போனதும், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு படகின் கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன். தண்ணீரை இறைத்து முடிக்கும்வரை எழுவதில்லை.